மணலில் எழுதிப் படித்த வாத்தியார்

இருபத்து மூன்று வயசு என்பது எப்படிப்பட்ட வயசு? டிப்ளமோவை முடித்து, அப்ரண்டிஸும் முடித்து, எந்தக் கம்பெனியிலிருந்தாவது கடிதம் வராதா என்று தபால்காரரைப் பார்த்துக் கொண்டிருக்கிற வயசு. அந்த வயசில்தான் பர்த்தலோமேயு சீகன்பால்கு தரங்கம்பாடிக்குக் கப்பல் ஏறினார்.

ஜெர்மனியில் சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே தாய் தகப்பனை இழந்தவர். உடம்பும் அப்படியொன்றும் திடமில்லை. ஹாலே நகரில் பிராங்கே என்ற பேராசிரியரிடம் இறையியல் படித்தார். அந்தச் சமயத்தில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக், தன் ஆளுகையில் இருந்த தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்ப ஆள் தேடினார். சீகன்பால்கும் அவர் நண்பர் புளூட்சோவும் சரி என்றார்கள். 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் புறப்பட்ட கப்பல், 1706 ஜூலை 9-ந் தேதி வந்து சேர்ந்தது.

ராஜா அனுப்பிய ஆள் என்றால் மாலை மரியாதை நடந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. தரங்கம்பாடியை நிர்வகித்தது டேனிஷ் வியாபாரக் கம்பெனி. அவர்களுக்கு மிளகும் துணியும் முக்கியம். வேதம் சொல்ல வந்தவர்கள் ஊரைக் கலைத்து வியாபாரத்தைக் கெடுத்து விடுவார்களோ என்று பயம். கோட்டைத் தளபதி ஹாசியஸ் இரண்டு பேரையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

போதிக்க வந்தாயிற்று, பாஷை தெரியாது. என்ன செய்வது? சீகன்பால்கு ஒரு வயதான திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பாடம் நடத்தச் சொன்னார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் அ, ஆ எழுதினார்கள். இவரும் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து அதே மணலில் எழுதினார். சர்வகலாசாலையில் படித்தவர், அஞ்சு வயசுப் பையன்களோடு! எனக்கு இவரிடம் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். சொல்லிக் கொடுக்க வருகிற எத்தனை பேர் முதலில் கற்றுக்கொள்ள உட்காருகிறார்கள்? பிறகு கம்பெனியில் துபாஷியாக இருந்த அழகப்பன் உதவினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி வாங்கினார். 1708-க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே போட்டுவிட்டார். திருக்குறளும் அதில் உண்டு. கொன்றை வேந்தனையும் உலக நீதியையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

இதற்கிடையில் 1707-ல் முதல் ஞானஸ்நானம். பெற்றவர்கள் ஐந்து பேரும் டேனிஷ்காரர்களின் வீட்டு அடிமைகள். அதே வருஷம் தன் சம்பளத்தையும் போட்டுச் சின்னதாக ஒரு கோவில் கட்டினார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார். பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளிக்கூடம். அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடிகிற காரியமா அது?

1708 நவம்பரில் வந்தது சோதனை. நாவிதர் ஒருவரின் விதவைக்கும் கம்பெனி ஆள் ஒருவருக்கும் ஒரு கடன் வழக்கு. சீகன்பால்கு அந்த அம்மாவுக்காகப் பேசப் போனார். தளபதிக்குக் கோபம் வந்துவிட்டது. விசாரணைக்கு வா என்று ஆள் அனுப்பினார். எழுத்தில் உத்தரவு கொடுங்கள், வருகிறேன் என்றார் இவர். அவ்வளவுதான்! டான்ஸ்போர்க் கோட்டையில் நாலு மாசம் சிறைவாசம். கடற்கரையில் இன்றைக்கும் நிற்கிறதே, அதே கோட்டைதான். ஊர் பேர் தெரியாத ஒரு விதவைக்காக ராஜாவின் ஆளே உள்ளே போனார் என்றால் சும்மாவா?

இனி வருவது நம்ம டிபார்ட்மெண்ட் சமாச்சாரம்.

புதிய ஏற்பாட்டை 1711-ல் தமிழாக்கி முடித்துவிட்டார். ஓலையில் எத்தனை பிரதிதான் எழுத முடியும்? லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவ சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியது. வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக் கொண்டார்கள். கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்து போனார். ஆளில்லாத மிஷின் மட்டும் 1712-ல் வந்து சேர்ந்தது. கோட்டைச் சிப்பாய்களில் அச்சு வேலை தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து ஓட்டினார்கள். அதில் வந்த எழுத்துகளோ ரோமன் எழுத்துகள். இங்கிருந்து அனுப்பிய மாதிரியைப் பார்த்து ஹாலேயில் தமிழ் எழுத்து வார்த்து, 1713-ல் ஆட்லர் என்ற கைதேர்ந்த தொழிலாளியோடு அனுப்பினார்கள். தமிழுக்குக் கொம்பு, கால், சுழி என்று எத்தனை வகை அச்சு வேண்டும், யோசித்துப் பாருங்கள்! தமிழ் தெரியாதவர்கள் செய்தது, எழுத்து ஒவ்வொன்றும் பெரிசு பெரிசாக இருந்தது. அப்படியே அடித்தால் கையிருப்புக் காகிதம் பத்தாது. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும்.

ஆட்லர் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார். பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கித்தான் வார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஃபவுண்டரி ஷாப்பில் மோல்டு பிடித்துப் பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். 1714-ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வெளிவந்தன. 1578-லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகியிருந்ததால் முதல் தமிழ் அச்சு இது அல்ல. ஆனால் இந்திய மொழி எதிலும் புதிய ஏற்பாடு அச்சேறியது இதுதான் முதல் தடவை. பிறகு காகிதத்துக்கென்றே பக்கத்துப் பொறையாற்றில் ஓர் ஆலையும் போட்டார்கள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் மக்களின் வழிபாடு தவறு என்பதில் அவருக்குக் கடைசி வரை சந்தேகமே இருக்கவில்லை. மாற்றத்தான் வந்தார். ஆனால் மாற்ற வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு பெரிய நூலே எழுதினார். ஐயனார், மாரியம்மன் எல்லாம் அதில் உண்டு. ஹாலேயில் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிரப் பரப்ப அல்ல என்பது அவர் கட்சி. கடைசியில் 1867-ல்தான் சென்னையில் அச்சானது. எழுதி நூற்றைம்பத்து நாலு வருஷம் கழித்து!

1714-ல் ஊர் திரும்பினார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கூடப் போனார். 1716-ல் ஹாலேயில் இவருடைய தமிழ் இலக்கணம் அச்சானது. அதே வருஷம் மனைவி மரிய டோரத்தேயாவோடு தரங்கம்பாடிக்கே வந்துவிட்டார். 1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிந்தது. ஆனால் கோபன்ஹேகனில் உட்கார்ந்திருந்த மேலதிகாரிகள், கட்டடமும் செலவும் எதற்கு, அப்போஸ்தலர்கள் மாதிரி ஏழையாக அலைந்து பிரசங்கம் செய்தால் போதாதா என்ற தோரணையில் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். ஏற்கனவே வயிற்று நோய். இந்தக் கடிதங்கள் மனசையும் நோகடித்தன. 1719 பிப்ரவரி 23-ல் இறந்தார். வயசு முப்பத்தாறு.

பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் புத்தகத்தோடு நின்றிருந்தது. அதைப் பின்னால் வந்த சூல்ட்சே முடித்தார். கூட உழைத்த நண்பர் குருண்ட்லரும் மறுவருஷமே போய்ச் சேர்ந்தார். தரங்கம்பாடி ராஜ வீதியில் அந்த ஆலயத்துக்குள் இருவர் கல்லறையும் இருக்கின்றன.