மேரி கியூரியும் இரண்டு மகள்களும்

மேரி கியூரி இரண்டு நோபல் பரிசு வாங்கியவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அவர் வீட்டுக் கதை தெரியுமா?

1867-இல் வார்சா நகரில் பிறந்தார். பாரிசுக்குப் போய்ப் படித்தார். கணவர் பியரியோடு சேர்ந்து 1898-இல் பொலோனியம், ரேடியம் என்ற தனிமங்களைக் கண்டுபிடித்தார். ஆய்வுக்கூடம் என்று பெயர்தான், அது ஒழுகுற கொட்டகை! அங்கே டன் கணக்கில் தாதுவைக் காய்ச்சிக் கிண்டினார். கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் உப்பு. ராத்திரியில் அது மினுமினுப்பதை இரண்டு பேரும் ரசித்துப் பார்ப்பார்களாம். தடுப்பு எதுவும் கிடையாது.

1914-இல் முதல் உலகப்போர் வந்தது. எக்ஸ்ரே கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போர்முனைக்கே போனார் மேரி. உதவிக்குப் போன மூத்த மகள் ஐரீனுக்கு வயது 17தான். ஐரீனும் பிறகு விஞ்ஞானியாகி 1935-இல் நோபல் பரிசு பெற்றார்.

1934-இல் மேரி இறந்தார். எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிட்டது (இது புற்றுநோய் அல்ல). 1956-இல் ஐரீன் ரத்தப் புற்றுநோயால் இறந்தார், வயது 58.

அம்மாவுக்கும் ரத்த நோய், மகளுக்கும் ரத்த நோய். அப்ப பரம்பரைதானே என்று தோணும். நம்ம ஊரிலும் ஒரு வீட்டில் யாருக்காவது புற்றுநோய் வந்தால் பிள்ளைகளைப் பார்த்து அப்படித்தானே பேசுறாங்க?

பிறக்கும்போதே வரும் மரபணு மாற்றம் வேறு. அது கருமுட்டை அல்லது விந்தணு வழியாக வந்து உடம்பின் எல்லா செல்லிலும் இருக்கும். புற்றுநோய்களில் 100-க்கு 5 முதல் 10 வரைதான் இந்த வகை. மற்றவை பெரும்பாலும் வாழும்போது ஏற்படுபவை. கதிர்வீச்சு, புகையிலை, வயது, ஏன், செல் பிரியும்போது நடக்கும் தவறுகூட காரணமாகலாம். மஜ்ஜையில் ஏற்பட்ட மாற்றம் மஜ்ஜையோடு சரி, பிள்ளைக்குப் போகாது. எக்ஸ்ரே மரபணுவை மாற்றும் என்று பழ ஈக்களை வைத்து முல்லர் காட்டியதே 1927-இல்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐரீன் பிறந்தது 1897-இல், அதாவது அம்மா ரேடியத்தைத் தொடுவதற்கு முன்பே! பல வருஷம் அதே கதிர்களோடு வேலை செய்ததுதான் ஐரீனின் நோய்க்குக் காரணம் என்கிறார்கள்.

இளைய மகள் ஈவ் பிறந்தது 1904-இல். அம்மா ரேடியத்தோடு ஆறு வருஷம் பழகிய பிறகு. ஒருத்தரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் ஈவ் ஆய்வுக்கூடம் பக்கமே போகவில்லை. பியானோ வாசித்தார், அம்மாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 2007-இல் இறந்தபோது ஈவுக்கு வயது 102.