கால் நாளத்திலிருந்து நுரையீரல் வரை: ருடோல்ஃப் ஃபிர்ஷோவின் வாழ்வு

பேர்லினில் வாழும் எம்மவர்களுக்கு ஃபிர்ஷோ என்ற பெயர் புதிதல்ல. நகரின் வடபகுதியிலுள்ள பெரிய வைத்தியசாலை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே கால் நாடி அடைப்புக்காகச் சென்று வந்த எம் பெரியவர்கள் பலர் இருப்பார்கள். அந்த நோயோடு இந்த மனிதருக்கு நெருங்கிய தொடர்பு உண்டு.

ருடோல்ஃப் ஃபிர்ஷோ 1821 ஒக்டோபர் 13ஆம் நாள் பொமரேனியாவில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்தில் உள்ளது. பேர்லினில் மருத்துவம் கற்று, சரிற்றே வைத்தியசாலையில் இறந்தோரின் உடல்களை ஆராயும் பணியில் சேர்ந்தார். நுரையீரலில் காணப்படும் குருதிக்கட்டி அங்கேயே உருவாகிறது என்றே அன்று பலர் நம்பினர். அது பெரும்பாலும் கால் நாளங்களில் உறைந்து, உடைந்து, குருதியோடு பயணித்து வருகிறது என்பதை அவர் நாய்களில் செய்த சோதனைகளால் காட்டினார். எம்போலிசம் என்ற பெயரை வைத்தவரும் அவரே.

1848இல் மேல் சிலேசியாவில் பரவிய கொள்ளைநோயை ஆராய அரசு அவரை அனுப்பியது. போலிஷ் பேசும் ஏழை மக்கள் அங்கே பட்டினியால் மடிந்துகொண்டிருந்தனர். மருந்து மட்டும் போதாது, கல்வியும் சுயாட்சியும் அவர்களின் தாய்மொழிக்கு உரிய இடமும் வேண்டும் என்று அறிக்கை எழுதினார். பேர்லினுக்குத் திரும்பியதும் மார்ச் புரட்சியில் மக்களோடு நின்றார். அதன் விளைவாக 1849இல் பேர்லினை விட்டு வூர்ஸ்பூர்க் செல்ல நேர்ந்தது. ஏழு ஆண்டுகள் அங்கே பேராசிரியராக இருந்து, 1856இல் பேர்லின் மீண்டார். 1858இல் உயிரணு நோயியல் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. பின்னர் நாடாளுமன்றத்திலும் அமர்ந்தார். பேர்லினின் கழிவுநீர்த் திட்டத்துக்காகவும் உழைத்தார். 1902 ஜனவரியில் ட்ராமிலிருந்து குதித்தபோது தொடை எலும்பு முறிந்தது. அதிலிருந்து தேறாமல் செப்டெம்பர் 5ஆம் நாள் காலமானார்.

குருதி உறைவதற்கு மூன்று காரணங்களை மருத்துவ உலகம் பின்னாளில் அவர் பெயரால் வகுத்தது: குழாய்ச் சுவரின் பாதிப்பு, ஓட்டத்தின் தளர்வு, குருதியின் தன்மையில் மாற்றம். தொடை நாளத்தை எடுத்து அடைபட்ட நாடிக்கு மாற்றுவழி அமைக்கும் சத்திரசிகிச்சை 1948இல்தான் தொடங்கியது. ஆனால் அந்த மாற்றுவழி ஏன் மீண்டும் அடைபடுகிறது என்று தேடும் வைத்தியர்கள் இன்றும் இந்த மூன்றையுமே பார்க்கிறார்கள்.

குருதிப் பரிசோதனையில் சீஆர்பி, ஃபைப்ரினோஜன் போன்ற அளவுகள் உயர்ந்திருந்தால் ஆபத்து கூடலாம் எனச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எனினும் ஓர் எண்ணை வைத்து மட்டும் ஒரு காலின் விதியைச் சொல்ல முடியாது. சளிக்காய்ச்சலுக்கும் சீஆர்பி உயரும். ஆகவே பரிசோதனைத் தாளைப் பார்த்து நாம் கலங்கவும் வேண்டாம், அதை நம்பி அசட்டையாக இருக்கவும் வேண்டாம். புகையை விடுவது, நீரிழிவைக் கட்டுப்படுத்துவது, தந்த மாத்திரையை நிறுத்தாமல் எடுப்பது, குறித்த நாளில் ஸ்கானுக்குப் போவது ஆகியவை எம் கையில் உள்ளவை. கால் திடீரெனக் குளிர்ந்தாலோ வெளிறினாலோ காத்திருக்காமல் வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்.

மொழி தெரியாததால் வைத்தியரிடம் கேள்வி கேட்கத் தயங்கும் பெரியவர்கள் எம் வீடுகளில் இருக்கிறார்கள். நோயாளியின் மொழியும் வாழ்நிலையும் மருத்துவத்தின் பகுதியே என்று ஃபிர்ஷோ 1848இலேயே கண்டிருந்தார். அடுத்த பரிசோதனைக்கு அவர்களோடு நாமும் கூடச் செல்வோம்.