எஃப்.ஏ. ஃபெயில், போர்ட் டிரஸ்ட் கிளார்க்

ராமானுஜன் கணக்குல புலி, மத்த பாடத்துல எல்லாம் ஃபெயில். இது தெரியாதவங்க நம்ம காலேஜ்ல யாரும் இருக்க மாட்டீங்க. செமஸ்டர் ரிசல்ட் வர்ற அன்னிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல அவர் போட்டோவும் வந்துடும். அரியர் வெச்சா மேதை ஆகிடலாம்ங்கற மாதிரி! ஆனா அந்த ஃபெயிலுக்கு அவர் என்ன விலை கொடுத்தார், அதுல இருந்து அவரை யார் வெளியே இழுத்தாங்கன்னு எந்த ஸ்டேட்டஸும் சொல்றதில்ல. அந்தக் கதையோட முக்கியமான பகுதி நம்ம ஏரியாவுல நடந்தது. பீச் ஸ்டேஷன் பக்கம், ராஜாஜி சாலையில துறைமுகம் இருக்கே, அங்கதான்.

முதல்ல ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். பரீட்சை ஆரம்பத்துல இருந்தே அவருக்கு எதிரி இல்ல. 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். அப்பா புடவைக் கடையில் கணக்கு எழுதுபவர். 1897இல், பத்து வயசு நிறையறதுக்கு முன்னாடியே, தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல். 1904இல் டவுன் ஹை ஸ்கூலை முடிக்கும்போது கணக்குக்குப் பரிசு, கூடவே கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படிக்க ஸ்காலர்ஷிப். ஒரு ஜவுளிக்கடை குமாஸ்தாவோட பையனைக் காலேஜ் வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டதே மார்க்தான்.

அதுக்கு முந்தின வருஷம் அவர் கைக்கு ஒரு புத்தகம் வந்தது. கார் என்பவர் எழுதிய 'சினாப்சிஸ்'. சுமார் 5000 சூத்திரங்கள், விளக்கம் ரொம்பக் கம்மி. கேம்பிரிட்ஜ்ல ட்ரைபாஸ்னு ஒரு பெரிய கணிதத் தேர்வு உண்டு. அதுக்குப் பசங்களைத் தயார் பண்ணின ஒரு டியூஷன் மாஸ்டரோட குறிப்புகள்தான் இந்தப் புத்தகம். நம்ம பாஷையில சொன்னா, கோச்சிங் சென்டர் மெட்டீரியல்! மத்தவங்க பரீட்சைக்காகப் புரட்டினதை இவர் ஒவ்வொண்ணா தானே நிரூபிச்சுப் பார்த்தார். அப்புறம் அதைத் தாண்டிப் போய்ட்டார். வேற எதுவும் தலைக்குள்ள ஏறல.

அங்கதான் சிக்கல். அப்போ டிகிரிக்குப் போகணும்னா எஃப்.ஏ. பாஸ் பண்ணணும். சென்னைப் பல்கலைக்கழகம் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவா நடத்தின தேர்வு அது. கணக்கோட ஆங்கிலம், சம்ஸ்கிருதம், வரலாறு, உடலியல் எல்லாம் உண்டு. ஒண்ணுல போனா மொத்தமும் போச்சு. ஆங்கிலத்துல தவறி ஸ்காலர்ஷிப்பை இழந்தார். 1905இல் வீட்டுல சொல்லாமலே விசாகப்பட்டினம் போய்ட்டார். 1906இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், நடுவுல உடம்பு சரியில்லாம போச்சு. அந்த டிசம்பர்ல எஃப்.ஏ. ஃபெயில். அடுத்த வருஷம் மறுபடி எழுதினார், மறுபடி ஃபெயில்.

இதுக்கப்புறம் வர்ற அஞ்சு வருஷத்தைத்தான் நீங்க கவனிக்கணும். டிகிரி இல்ல, அதனால வேலை இல்ல. டியூஷன் எடுத்துப் பார்த்தார். ஆனா சிலபஸ்குள்ள நிக்க அவரால முடியல, பரீட்சைக்கு எது வேணுமோ அதை மட்டும் சொல்லித்தர வரல. 1909இல் கல்யாணம். 1910இல் ஆபரேஷன். நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வேலை கேட்டு ஒவ்வொரு வீடா ஏறி இறங்கினார். கணக்குல ஒருத்தர் உச்சத்துல இருக்கக்கூடிய இருபதுகள் இப்படித்தான் கரைஞ்சது. அரியர் வெச்சது கெத்துன்னு யாராவது சொன்னா, இந்த அஞ்சு வருஷத்தைச் சொல்லுங்க.

கடைசியில அந்த நோட்டைப் பிரிச்சு வாசிச்சவங்கதான் அவரைக் காப்பாத்தினாங்க. இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயர் அதைப் பார்த்துட்டு, இவரைக் கீழ்நிலை குமாஸ்தா ஆக்க மனசு வராம, சென்னையில இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கொஞ்ச நாள் மாசாமாசம் பணம் கொடுத்தார். 1912 மார்ச் 1 அன்று சென்னை போர்ட் டிரஸ்ட்ல கணக்குப் பிரிவு கிளார்க்காகச் சேர்ந்தார். சம்பளம் மாசம் 30 ரூபாய்.

மேலதிகாரி நாராயண ஐயர், கணிதக் கழகத்தோட பொருளாளர். ராத்திரி சிலேட்டை வெச்சுக்கிட்டு ராமானுஜனோட கணக்கு போட்டவர். நடுவுல தாவிப் போற ஸ்டெப்களை எழுத வெச்சவர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு இன்ஜினியர். இவங்க ரெண்டு பேரோட ஆதரவுலதான் 1913 ஜனவரி 16 தேதியிட்ட அந்தக் கடிதம் கேம்பிரிட்ஜ்ல இருந்த ஹார்டிக்குப் போச்சு. தான் பல்கலைக்கழகப் படிப்பு படிக்காத ஒரு போர்ட் டிரஸ்ட் கிளார்க்னு ராமானுஜன் அதுல மறைக்காம எழுதினார்.

எந்தப் பல்கலைக்கழகம் ரெண்டு தடவை ஃபெயில் போட்டதோ, அதுவே அதே வருஷம் மே மாசம் ஆராய்ச்சி உதவித்தொகையா மாசம் 75 ரூபாய் கொடுத்தது. விதிப்படி முதுகலைப் பட்டம் இருந்திருக்கணும். விதியைத் தளர்த்தினாங்க. 1914 மார்ச் 17, எஸ்.எஸ். நெவாசா கப்பல்ல இங்கிலாந்துக்குக் கிளம்பினார். கிளார்க்கா வேலை பார்த்த அதே துறைமுகத்துல இருந்து! 1916இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. கொடுத்தது, தேர்வுக்கு இல்ல, ஆராய்ச்சிக்கு. 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1919இல் நோயோட திரும்பி வந்து, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். வயசு 32.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. ஹார்டி 1898இல் அந்த ட்ரைபாஸ்ல நாலாவது ரேங்க் வாங்கினவர். ஆனா அந்தத் தேர்வைச் சீர்திருத்தினா போதாது, ஒழிக்கவே வேணும்னு நினைச்சார். ரேங்க் வரிசையில பேர் போடற வழக்கம் 1909ஓட அங்க நின்னுடுச்சு. ஆக, ரேங்க் வாங்கினவருக்கும் ஃபெயிலானவருக்கும் தேர்வு மேல ஒரே மாதிரி சந்தேகம்.

அப்போ பரீட்சையே வேண்டாமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ராமானுஜனைத் தூக்கிவிட்டவங்களை மறுபடி பாருங்க. பெரிய அதிகாரிகள், ஆங்கிலேயர்கள், பெரும்பாலும் அவரோட சமூக வட்டத்துக்குள்ள வந்து போகக்கூடியவங்க. அதே 1912இல் அதே துறைமுகத்துல மூட்டை தூக்கின ஒருத்தரோட மகன் இப்படி ஒரு நோட்டு வெச்சிருந்தா, யார் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பான்? அவனுக்குப் பொதுத்தேர்வு ஒண்ணுதான் கதவு. அதனால தேர்வு இருக்கட்டும். ஆனா ஒரே ஒரு நம்பர் ஒருத்தரோட சாப்பாட்டையும் படிப்பையும் வேலையையும் சேர்த்து முடிவு பண்ணக்கூடாது.

நம்ம ஊர்ல என்ன நடந்ததுன்னு உங்களுக்கே தெரியும். பிளஸ் டூ மார்க்குக்காகப் பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தையே விட்டுட்டு ரெண்டு வருஷமும் ஒரே புத்தகத்தை ஓட்டினாங்க. அதை நிறுத்த 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வெச்சாங்க. தேர்வு உண்டாக்கின நோய்க்கு மருந்து இன்னொரு தேர்வு! மாறா, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் மருத்துவத்துலயும் 2021இல் இன்ஜினியரிங்லயும் வந்த 7.5 சதவீத இடஒதுக்கீடு, அந்த மார்க் எங்கிருந்து வந்ததுன்னும் பார்க்குது. நாராயண ஐயர் நோட்டை வாசிச்சது மாதிரி இல்லதான். ஆனா வெறும் நம்பரைத் தாண்டிப் பார்க்கற ஒரு முயற்சி.

நம்மள்ல பாதிப் பேர் நாளைக்கு யாரையாவது வேலைக்கு எடுக்கற இடத்துல உட்காரப் போறோம். அறுபது சதவீதம், அரியர் இருக்கக்கூடாதுன்னு ஃபில்டர் போடறது ரெண்டு கிளிக். ஃபில்டர் போட்டாலும் பரவாயில்ல, வெளியே விழுந்தவங்க அனுப்பின புராஜெக்ட்ல நாலையாவது திறந்து பாருங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை டைம் கிடைச்சா ராயபுரம் போங்க. முத்தியால்பேட்டை பள்ளியில கணக்கு வாத்தியாரா இருந்த பி.கே. ஸ்ரீனிவாசன் 1993இல் ஆரம்பிச்ச ராமானுஜன் மியூசியம் அங்க இருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி திறந்திருக்குமான்னு மட்டும் விசாரிச்சுக்கோங்க.