சிறுமொழிகளின் பேரிலக்கணம் கண்ட எட்வர்டு சபீர்

மனிதர் பேசும் மொழிகள் பலவாக வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக அருள்மறை சுட்டுகின்றது. அவ்வேறுபாட்டை உயர்வு தாழ்வாகக் கண்டது மாந்தர் செய்த பிழை. எழுத்துடைய மொழிக்கே இலக்கணம் உண்டென்றும், காட்டிலும் பாலையிலும் வாழ்வோர் பேசுவது ஒழுங்கற்ற ஒலிக்கூட்டமே என்றும் கற்றறிந்தாரும் நெடுங்காலம் எண்ணி வந்தனர். அவ்வெண்ணத்தை வெறும் வாதத்தால் அன்றி, மொழிகளை ஒவ்வொன்றாகக் கற்று, இலக்கணம் வரைந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டித் தகர்த்தோருள் முன்நிற்பவர் எட்வர்டு சபீர். அவர்தம் வாழ்வை இம்மலர் வாயிலாக நம் மாணவர் முன் வைக்க விழைகின்றோம்.

சபீர் 1884-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள், அன்றைய செருமானியப் பேரரசின் பொமரேனியா மாநிலத்தில் இலாவன்பர்க் என்னும் ஊரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் வழிபாட்டிடத்தில் இறைப்பாடல் இசைக்கும் பணியாளர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தாருடன் அமெரிக்கா சென்ற சபீர், நியூயார்க் நகரில் வறியோர் நெருங்கி வாழ்ந்த பகுதியில் வளர்ந்தார். பதினான்காம் வயதில் போட்டித் தேர்வொன்றில் வென்று பெற்ற புலிட்சர் உதவித்தொகை அவருக்குக் கல்வியின் வாயிலைத் திறந்தது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் செருமானிய மொழியியல் பயின்று 1904-இல் இளங்கலைப் பட்டமும், அடுத்த ஆண்டு முதுகலைப் பட்டமும் பெற்றார்.

அங்கேதான் அவர் பிரான்சு போவாசு என்னும் பேராசிரியரைக் கண்டார். மொழிகளைப் பற்றிச் சபீர் தாம் கற்றிருந்த பொது விதிகளை எடுத்துரைக்க, ஒவ்வொரு விதிக்கும் மாறான சான்றொன்றை அமெரிக்கப் பழங்குடி மொழிகளிலிருந்து அப்பேராசிரியர் எடுத்துக் காட்டினார் என்பர். ஐரோப்பிய மொழிகளை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு மனித மொழியை அளத்தல் இயலாது என்னும் தெளிவு மாணவருக்குப் பிறந்தது. 1905-இல் விசுராம் மொழியையும், 1906-இல் ஓரிகன் மாநிலத்தில் டக்கெல்மா மொழியையும் ஆராயப் புறப்பட்டார். டக்கெல்மாவை நன்கறிந்த முதியோர் மிகச் சிலரே அப்போது எஞ்சியிருந்தனர். அவர்களுள் ஒருவரான மூதாட்டியிடம் ஒரு கோடைக்காலம் அமர்ந்து கேட்டு அவர் எழுதிய இலக்கணமே 1909-இல் அவருக்கு முனைவர் பட்டம் ஈட்டித் தந்தது. இன்று டக்கெல்மாவைத் தாய்மொழியாகப் பேசுவார் எவருமிலர். அன்று சபீர் போன்றோர் அமர்ந்து கேட்டிராவிடில் அம்மொழி சுவடின்றி மறைந்திருக்கும்.

1910-இல், தென்பையூட் குடியைச் சேர்ந்த டோனி டில்லோஹாஷ் என்னும் இளைஞருடன் பிலடெல்பியாவில் சில மாதங்கள் உழைத்தார். அவ்வுழைப்பின் ஒரு பகுதி தமிழ் மாணவர்க்குத் தனிச் சுவை பயப்பது. நாம் 'பல்' என்னும் சொல்லில் ஒலிக்கும் பகரமும், 'தம்பி' என்னும் சொல்லில் ஒலிக்கும் பகரமும் செவிக்கு வேறானவை. ஆயினும் நம் முன்னோர் இரண்டிற்கும் ஓரெழுத்தே வகுத்தனர். நாமும் அவற்றை ஒன்றாகவே உணர்கின்றோம். தென்பையூட் மொழியிலும் உயிரொலியை அடுத்துவரும் பகரம் நெகிழ்ந்து வேறோர் ஒலியாகும். 'நீரருகே' எனப் பொருள்படும் ஒரு சொல்லை அசை அசையாகப் பிரித்துச் சொல்லுமாறு டோனியைச் சபீர் கேட்டபொழுது, அவர் நெகிழ்ந்த ஒலியை விடுத்துத் தெளிவான பகரத்தையே ஒலித்தார். எழுத்தறியா மொழிக்கும் எழுத்துகளின் ஒழுங்கு பேசுவோர் உள்ளத்தில் உண்டு என்பதற்கு இதனைச் சான்றாக்கி, 1933-இல் சபீர் வெளியிட்ட கட்டுரை மொழியியலின் அடிப்படைக் கட்டுரைகளுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது.

1910 முதல் 1925 வரை கனடா நாட்டின் தலைநகர் ஒட்டாவாவில் மானிடவியல் பிரிவின் தலைவராக விளங்கினார். வான்கூவர்த் தீவில் நூட்கா மொழியை ஆராய்ந்தார். அக்குடியைச் சேர்ந்த அலெக்ஸ் தாமசு என்பவருக்கு அவர்தம் தாய்மொழியை எழுதும் முறையைக் கற்பித்தார்; அவரோ பல்லாண்டுகள் தம் மக்களின் கதைகளையும் வழக்கங்களையும் எழுதி அனுப்பினார். அப்பகுதிப் பழங்குடியினரின் போட்லாச் என்னும் கொடைவிழாவைக் கனடா அரசு தடை செய்திருந்தது. அத்தடை தகாது என 1915-இல் அரசு அலுவலர்க்கு எழுதிய சபீர், பிற அறிஞர்தம் மடல்களையும் திரட்டி அளித்தார். மொழியைப் போற்றுவோர் அம்மொழி பேசும் மக்களின் உரிமைக்கும் குரல் கொடுத்தல் வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

அதே 1915-ஆம் ஆண்டுக் கோடையில், கலிபோர்னியாவில் இஷி என்பவருடன் பணியாற்றினார். யானா மொழியின் ஒரு கிளையாகிய யாகியைப் பேசியோருள் இறுதியாக எஞ்சியவர் இவரே. தம் சுற்றத்தார் அனைவரையும் இழந்து, 1911-இல் தன்னந்தனியே காட்டை விட்டு வெளிவந்தவர். தம் இயற்பெயரை அவர் எவர்க்கும் கூறவில்லை. மனிதன் எனப் பொருள்படும் சொல்லையே பிறர் அவருக்குப் பெயராக்கினர். அவர் சொல்லச் சொல்லச் சபீர் எழுதினார். அக்கோடையிலேயே நோய் முற்றி, 1916 மார்ச்சுத் திங்களில் இஷி மறைந்தார். அவருடன் அம்மொழிக் கிளையின் குரலும் அடங்கிற்று. யானாவில் ஆடவர் ஆடவரிடம் பேசும் சொல்வடிவம் வேறு. பெண்டிர் பேசுவதும், ஆடவர் பெண்டிரிடம் பேசுவதும் வேறு. இத்தகைய நுண்மையைச் சபீரின் ஏடுகள் வாயிலாகவே உலகம் விரிவாக அறிந்தது.

இவ்வாறு திரட்டியவற்றை அவர் ஒப்பிட்டு நோக்கினார். யூட்டா மாநிலத்துத் தென்பையூட்டும், நெடுந்தொலைவில் மெக்சிகோவில் வழங்கும் நாவாட்டலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே என்பதை முறையான ஒலி ஒப்புமைகளால் நிலைநாட்டினார். ஐரோப்பிய மொழிகளுக்கெனக் கருதப்பட்ட ஒப்பியல் முறை, ஏடறியா மொழிகளுக்கும் குறைவின்றிப் பொருந்தும் என்பது இதனால் விளங்கிற்று. கலிபோர்னியாவின் வியாட், யூரோக் ஆகிய மொழிகள் தொலைதூர அல்காங்கியன் மொழிகளுக்கு உறவுடையன என்று 1913-இல் அவர் கூறியபொழுது மறுத்தோர் உளர்; பின்னாளைய ஆய்வு அவர் கூற்றை உறுதி செய்தது. ஆனால் வட அமெரிக்க மொழிகள் அனைத்தையும் ஆறே பெருங்குடும்பங்களில் அவர் அடக்க முயன்ற வகைப்பாடு இன்று அவ்வாறே ஏற்கப்படுவதில்லை. பெரியோரின் பிழையையும் மறையாது கூறுதல் ஆய்வு நெறியாகும்.

நவாகோ மொழியிலும் அவர் ஆழ்ந்து ஈடுபட்டார். ஒரு பொருளைக் கொடுத்தல், எடுத்தல் போன்றவற்றைக் குறிக்க, அப்பொருள் உருண்டையா, நீண்டு விறைத்ததா, துணிபோல் நெகிழ்வதா என்பதற்கேற்ப அம்மொழியில் வினையடியே மாறும். உயர்திணை, அஃறிணை என உலகைப் பகுத்துப் பழகிய நமக்கு இப்பகுப்பு வியப்பளிக்கலாம். நம் பகுப்பும் அவர்க்கு அவ்வாறே வியப்பளிக்கும். ஒவ்வோர் இலக்கணமும் உலகை நோக்கும் தனியொரு சாளரம் என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகின்றது. 1921-இல் அவர் வெளியிட்ட 'மொழி' என்னும் நூல் இக்கருத்தைப் பொதுமக்களும் உணருமாறு எடுத்துரைத்தது.

அவருடைய இல்வாழ்வு துயர் நிறைந்தது. முதல் மனைவியார் நெடுநாள் நோயுற்று 1924-இல் மறைந்தார். பின்னர்ச் சிகாகோவிலும், 1931 முதல் யேல் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராகப் பணியாற்றினார். 1937-இல் இதய நோய் தாக்கியது. 1939-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் வயதில் உயிர் நீத்தார்.

யேலில் அவரிடம் பயின்றோருள் ஒருவர் முர்ரே எமனோ. அவர் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நம் நீலகிரியின் தோடர், கோத்தர் ஆகியோரிடம் அமர்ந்து, தம் ஆசிரியர் கற்பித்த முறையிலேயே அவர்தம் மொழிகளை எழுதிக் கொண்டார். தாமஸ் பரோவுடன் இணைந்து 1961-இல் அவர் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில், பழந்தமிழ்ச் சொல்லும் மலைவாழ் மக்களின் சொல்லும் ஒரே பதிவில் அருகருகே அமர்ந்திருக்கின்றன. ஓரிகனில் மூதாட்டி ஒருவரின் முன் அமர்ந்த மாணவரின் பணிவு, முப்பது ஆண்டுகளில் நம் மலையுச்சி வரை வந்து சேர்ந்தது.

ஈராயிரம் ஆண்டு இலக்கணச் செல்வம் உடையோம் எனப் பெருமிதம் கொள்ளும் நாம், நம் அண்டை மலையில் வழங்கும் மொழியின் ஒரு சொல்லையேனும் அறிந்திருக்கின்றோமா? நம் மாணவருள் ஒருவரேனும் குறிப்பேட்டுடன் அம்மலை ஏறி, முதியோர் ஒருவரின் முன் பணிவுடன் அமர்ந்து கேட்பாராயின், சபீரின் வாழ்வை இங்கு நினைவுகூர்ந்ததன் பயனை நாம் எய்தியவராவோம்.