வேலூரின் ஐடா அம்மையார்

நம் பங்கின் பொன்விழா மலருக்குப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். புனிதர் ஒருவரைப் பற்றித்தான் எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டதோ கத்தோலிக்கர் அல்லாத ஓர் அம்மையாரை. பிரிந்து வாழும் நம் சகோதரரிடத்தில் விளங்கும் நன்மைகளை மகிழ்வோடு ஏற்க வேண்டுமென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்திருப்பதால், எவரும் இதைக் குறையாகக் கொள்ளமாட்டீர்கள் என நம்புகிறேன்.

மற்றொரு காரணமும் உண்டு. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் ஆஸ்பத்திரிகள். டாக்டர் சவுரிமுத்து 1928-இல் தொடங்கி, 1937-இல் அரசு ஏற்றுக்கொண்ட காசநோய் சானடோரியம் நம் பகுதிக்கே ஒரு ரயில் நிலையத்தின் பெயரைத் தந்திருக்கிறது. நம் பங்கில் நர்சுகளும், ஆப்பரேஷன் தியேட்டர் பணியாளர்களும், வார்டு ஆயாக்களும் பலர். இரவுப் பணி முடிந்து, கண்கள் சிவக்க, காலைத் திருப்பலிக்குக் கடைசிப் பெஞ்சில் வந்து அமர்வார்கள். வீடு சந்திக்கச் செல்லும்போது அவர்கள் என்னிடம் சொல்லும் துயரம் பெரும்பாலும் வேலைப்பளுவைப் பற்றியதன்று. பத்துப் பேர் முன்னிலையில் கேட்ட ஒரு சுடுசொல்லைப் பற்றியது. அவர்களை நினைத்தே இதனை எழுதுகிறேன்.

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு முதலில் இலங்கையிலும் பின்னர் நம் நாட்டிலும் பணிபுரிந்த மருத்துவக் குரு. தந்தையாரும் மருத்துவரே. சிறுமியாயிருந்தபோது வந்த பெரும் பஞ்சத்தில், பசியால் துவண்ட பிள்ளைகளின் வாயில் ரொட்டித் துண்டை ஊட்டிய நினைவு ஐடாவின் மனத்தில் பதிந்துவிட்டது. அதனால் நல்ல மனம் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். இந்த வெயிலும் வறுமையும் தமக்கு வேண்டாம், அமெரிக்காவிலேயே மணம் முடித்து வசதியாக வாழ வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். தாயாருக்கு உடல்நலம் குன்றியதால்தான் 1890-இல் திண்டிவனத்துக்கு வந்தார். சில காலம் துணையாயிருந்துவிட்டுத் திரும்பிவிடுவதே திட்டம்.

திண்டிவனம் நம் தாம்பரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் ஆலயத்துக்கு அருகே ஓடும் இதே சாலைதான் அங்கே போகிறது. அந்த ஊர்ப் பங்களாவில் ஒரு நாள் இரவு பிராமணர் ஒருவர் வந்து, தம் இளம் மனைவி பிரசவ வேதனையில் துடிப்பதாகவும், ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்றும் வேண்டினார். தாம் மருத்துவம் படித்தவரல்லர், தந்தையாரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் மனைவியைத் தொடுவதைவிட அவள் சாவதே மேல் என்று அவர் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் ஒரு முகமதியர். அவருக்குப் பின் இன்னொரு இந்து. மூவருக்கும் ஒரே துன்பம், மூவரிடமிருந்தும் ஒரே மறுப்பு. விடிந்தபோது தெருவில் பறையொலி கேட்டது. மூன்று பெண்களும் மாண்டுபோனார்கள். அந்த ஓர் இரவு அவருடைய திட்டங்களையெல்லாம் புரட்டிப்போட்டது. மருத்துவராகித் திரும்பி வருவேன் என்று பெற்றோரிடம் அறிவித்தார்.

பிலடெல்பியாவில் படிக்கத் தொடங்கி, பின்னர் பெண்களுக்குக் கதவு திறந்த கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்றார். நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பவர் தம் மறைந்த மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் அளித்தார். 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்திறங்கிய ஐடாவுக்கு, தந்தையாரிடம் தொழில் பழகும் பேறு சில மாதங்களே கிட்டிற்று. அவ்வாண்டே அவர் காலமானார். வேலூர் பங்களாவின் ஒரு சிறிய அறையில் தனியே மருந்து கொடுக்கத் தொடங்கி, இரண்டாண்டுகளில் ஐயாயிரம் நோயாளரைப் பார்த்தார். 1902-இல் நாற்பது படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை எழுந்தது.

கட்டடம் வந்துவிட்டது, கைகள் வேண்டுமே! அறுவைச் சிகிச்சை ஒருவர் செய்யும் வேலையன்று. கத்தி பிடிப்பவர் ஒருவர் என்றால், மயக்க மருந்து கொடுக்க ஒருவர், கருவிகளைக் கொதிநீரில் இட்டு எடுத்துக் கையில் தர ஒருவர், நாடி பார்க்க ஒருவர், பின்னர் இரவெல்லாம் கண்விழித்துக் காக்க ஒருவர் என்று பலர் வேண்டும். ஐடாவுக்குக் கிடைத்தவர் பட்லரின் மனைவி சலோமி. மருத்துவப் பயிற்சி ஏதுமில்லாத பெண். இரத்தத்தையும் மலசலத்தையும் தொடுவது தீட்டு என்று பெரிய குடும்பங்கள் தம் பெண்களை அனுப்ப மறுத்த காலத்தில் இவர் முன்வந்தார். கை கழுவுவதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் ஐடா அவருக்குக் கற்றுக் கொடுத்தார். முதல் பெரிய அறுவையின்போது மேசைக்கு எதிர்ப்புறம் துணை நின்றவர் இந்தச் சலோமியே. நோயாளி பிழைத்தார். நாற்பது படுக்கையில் தொடங்கிய அம்மருத்துவமனையின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் இன்றுவரை சலோமியின் பெயரை விடாமல் சொல்லிவருகிறார்கள். பெரும் மருத்துவர்களின் கதைகளில் துணை நின்ற தாதியின் பெயர் தெரிவது அரிது.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எனக்குக் குடலிறக்கத்துக்காக அறுவை நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். காது மட்டும் நன்றாகக் கேட்டது. ஏதோ ஒரு கருவி கீழே விழுந்த ஓசை. உடனே பெரிய டாக்டர் அந்த நர்சைப் பேசிய பேச்சு, எழுதத் தகாதது. அதன்பின் அந்த அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திரைக்கு இப்பால் படுத்திருந்த எனக்கு ஒரே ஓர் அச்சம். இப்போது ஏதேனும் தவறு நேர்ந்து, அதை அந்தப் பெண் மட்டும் கவனித்தால், வாய் திறந்து சொல்வாளா? குணமாகி வீடு திரும்பிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. பாஸ்கா திருவிழிப்பில் பெரிய திரி சரியாகப் பற்றவில்லையென்று, கூடியிருந்த மக்கள் கேட்கவே நம் கோயில்பிள்ளையை நான் கடிந்துகொண்டது அவ்வாண்டுதான். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. டாக்டரைக் குறைசொல்ல எனக்குத் தகுதி குறைவு.

என் அச்சம் வீண் அச்சமன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைக் கூடங்களுக்கென்று பத்தொன்பது குறிப்புகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்குமுன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. புது தில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இப்பட்டியலைக் கையாண்டு பார்த்தபோது, அறுவைக்குப்பின் நேரும் இறப்பு நூற்றுக்கு ஒன்றரையிலிருந்து ஒன்றுக்கும் கீழே, 0.8 ஆகக் குறைந்ததென்று 2009-இல் அறிவித்தார்கள். பெயர் சொன்னதால் மட்டும் அது நேர்ந்ததென்று நான் சொல்லவில்லை. பட்டியலில் வேறு பல காரியங்களும் உண்டு. ஆனால் பெயர் சொல்லிப் பழகியவருக்கு, ஐயா, பஞ்சு ஒன்று குறைகிறது என்று சொல்லும் துணிவும் வரும் அல்லவா?

ஐடா அம்மையார் சலோமி ஒருவரோடு நின்றுவிடவில்லை. 1909-இல் டெலியா ஹௌட்டன் என்னும் செவிலியரின் துணையோடு செவிலியர் பள்ளி தொடங்கினார். அவ்வாண்டு அவருக்கு ஒரு பெஜோ மோட்டார் வண்டியும் வந்து சேர்ந்தது. குடியாத்தம் சாலையில் அதைக் கண்ட கிராமத்தார் பேய் வண்டி என்று ஓடினார்களாம். நாளடைவில் மரத்தடிகளில் காத்திருந்து மருந்து வாங்கலாயினர். செவிலியர் பள்ளியோ 1946-இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. தாதி வேலை என்று இழிவாகப் பேசப்பட்ட தொழிலுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் வந்தது.

இதனிடையே 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் திறந்தார். ஆறு பேர் விண்ணப்பித்தால் தொடங்கிக்கொள்ளுங்கள் என்று சென்னை மருத்துவத் துறைத் தலைவர் அவநம்பிக்கையோடு அனுமதி கொடுத்தார்; 151 பேர் விண்ணப்பித்தனர். இராசதானித் தேர்வுக்குச் சென்ற பெண்களிடம், தோற்றாலும் மனம் தளரவேண்டாம் என்று ஐடாவே முன்கூட்டித் தேறுதல் சொல்லியிருந்தார். அத்தேர்வில் ஆண்களில் ஐவருக்கு ஒருவரே தேறினர். வேலூர்ப் பெண்கள் பதினான்கு பேரும் தேறினார்கள். 1922-இல் அவர்கள் எல்.எம்.பி. மருத்துவராக வெளியேறினர்.

நம் திருச்சபையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். துறவறச் சகோதரிகள் பேறுகால மருத்துவம் செய்யத் திருச்சபைச் சட்டம் 1936 வரை இடந்தரவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து 1920-இல் குண்டூருக்கு வந்த மருத்துவச் சகோதரி மேரி குளோரிக்குத் திருத்தந்தை தனி அனுமதி வழங்க வேண்டியதாயிற்று. அச்சகோதரி 1943-இல் தொடங்கிய கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கம் இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. ஆயினும் திண்டிவனத்தில் மூன்று பெண்கள் மாண்டதற்கும், நம் சட்டம் திருந்தியதற்கும் இடையே எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

1938-இல் பேரிடி. இனி எல்.எம்.பி. படிப்பு இல்லை, எம்.பி.பி.எஸ். மட்டுமே என்று அரசு முடிவு செய்தது. பள்ளியைக் கல்லூரியாக உயர்த்தாவிட்டால் மூட வேண்டியதுதான். அவ்வாண்டு டிசம்பரில் நம் தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டிலும் மருத்துவப் பணியின் எதிர்காலம் விவாதிக்கப்பட்டது. எழுபது வயதைக் கடந்த ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். ஆண்களையும் சேர்த்தால்தான் கல்லூரி நிலைக்கும் என்ற நிலை வந்தபோது, ஆண்டாண்டுகளாகப் பணம் திரட்டித் தந்த தோழி லூசி பீபாடி அதைத் துரோகமாகக் கருதினார். ஐடா தோழியை இழக்கத் துணிந்தார்; கல்லூரியை இழக்கத் துணியவில்லை. அவர் செய்தது சரியே என்பது என் எண்ணம், ஆனால் அந்த அம்மையாரின் மனவேதனையும் பொய்யன்று. 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று, 1947-இல் ஆண்கள் சேர்ந்தனர்.

1946-இல் அம்மையார் ஓய்வு பெற்றுப் பொறுப்பை விட்டுக்கொடுத்தார். சில ஆண்டுகளில் ஹில்டா லாசரஸ் என்னும் நம் நாட்டுப் பெண்மணி அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். நம் சபைகளில் பொறுப்பில் இருப்போர் இதைக் கவனிக்கலாம். நாற்காலியை விடுவது எளிதன்று.

அவர் கண்டு மகிழ்ந்திருக்கக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். அக்கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954 ஜனவரியில் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். அறுவை மருத்துவர் பால் பிராண்டு அவரை ஒதுக்கிவிடாமல், தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கும் அறுவையைச் செய்ய ஊக்குவித்தார். கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம். சக்கர நாற்காலியைத் தள்ளிக் கொண்டுவந்து மேசையருகே நிறுத்தவும், தேவையானதை எட்டும் தூரத்தில் வைக்கவும் கூடவே கைகள் இருந்தன. அவர் பிற்காலத்தில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்கே தலைவரானார்.

ஐடா அம்மையார் கடைசி ஆண்டுகளைக் கொடைக்கானல் மலையில் தம் இல்லத்தில் கழித்தார். ஊர் பெயர்கூட இல்லாமல் டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதிய கடிதம் அவர் கைக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். 1960 மே மாதத்தில், எண்பத்தொன்பதாம் வயதில், அங்கேயே இறைவனடி சேர்ந்தார். உடலை வேலூருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தனர்.