மனத்தின் வைத்தியர் டொக்டர் கிரீந்திரசேகர் போஸ்

உடலில் ஒரு காயம் பட்டால் நாம் அதை மறைப்பதில்லை. பால் வெட்டும் கத்தி கையிற் பட்டுவிட்டால் தோட்டத்து டிஸ்பென்சரிக்குச் சென்று மருந்து கட்டிக்கொள்கிறோம். ஆயின், ஒருவருக்குப் பல நாட்களாக உறக்கம் வராமல், உணவு பிடிக்காமல், வேலைக்குப் புறப்பட மனம் எழாமற் போனால் நாம் செய்வது என்ன? சோம்பேறி என்கிறோம், பேய் பிடித்தது என்கிறோம், செய்வினை என்று அயலவரைச் சந்தேகிக்கிறோம், அல்லது வெளியே தெரியாமல் லயத்துக் காம்பராவுக்குள் வைத்துப் பூட்டுகிறோம். இத்தகைய துன்பத்தைத் தீர்க்கும் வழி எது என்ற கேள்விக்கே தம் வாழ்நாளை அளித்த பாரதநாட்டு வைத்தியர் ஒருவரின் வரலாற்றை நம் வாலிபர்களும் பெரியோர்களும் அறிந்துகொள்வது நன்று.

கிரீந்திரசேகர் போஸ் 1887ஆம் ஆண்டு பிறந்தார். அவர் தந்தையார் பீகாரில் தர்பங்கா மகாராசாவின் திவானாகப் பணியாற்றியவர். வங்காள இலக்கியத்தில் நகைச்சுவைக்குப் பெயர்பெற்ற ராஜசேகர் போஸ் இவருடைய தமையனார். கல்கத்தாவில் இரசாயனமும் பின்னர் வைத்தியமும் கற்ற கிரீந்திரசேகர், 1910இல் வைத்தியப் பட்டம் பெற்றுச் சிகிச்சை செய்யத் தொடங்கினார்.

இளமையிலேயே அவருக்குச் செப்படி வித்தையிலும் மனோவசியத்திலும் மிகுந்த ஈடுபாடு இருந்தது. மனோவசியம் என்பது நோயாளியை ஒருவகை மயக்கநிலைக்குக் கொண்டுசென்று, நோய் நீங்கிவிட்டது என்ற எண்ணத்தை அவர் மனத்திற் பதிப்பதாகும். சிலருக்கு இதனால் விரைவில் நலம் கிடைக்கும். ஆயினும் நோய்க்கு வேரான துயரம் உள்ளே அப்படியே கிடப்பதால், சில காலத்தின் பின் அது மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு. நம் கோயில் முன்றிலில் உடுக்கடித்துப் பேயோட்டும்போது கிடைக்கும் ஆறுதலையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த ஆறுதல் பொய்யன்று; ஆனால் அது நிலைத்து நிற்குமா என்பதே கேள்வி.

வியன்னா நகரத்து டொக்டர் சிக்மண்ட் புரொய்ட் என்பாரும் முதலில் மனோவசியத்தைக் கையாண்டு, பின்னர் அதைக் கைவிட்டவரே. அவர் கண்ட வழி உளப்பகுப்பு எனப்படும். நோயாளி சாய்ந்து படுத்து, மனத்தில் எழுவதையெல்லாம் தடையின்றிச் சொல்லவேண்டும். வைத்தியர் பொறுமையோடு கேட்கவேண்டும். வெளியிற் சொல்ல நாணியும் அஞ்சியும் அடக்கிவைத்த ஆசைகளே நனவிலி மனத்தில் மறைந்திருந்து நோயாக உருவெடுக்கின்றன என்பது அவர் கொள்கை. இவ்வழியைப் பற்றி அறிந்த போஸ், தம் நோயாளரிடத்தே அதைச் செய்து பார்க்கலானார்.

இதற்கிடையே கல்கத்தா சர்வகலாசாலையில் புதிதாகத் தோன்றிய மனோதத்துவப் பகுதியிற் சேர்ந்து, 1917இல் முதுமாணிப் பட்டமும் 1921இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஆசைகளை அடக்குவது பற்றிய அவருடைய ஆராய்ச்சி நூல் புரொய்ட்டுக்கு அனுப்பப்பட்டது. தொலைதேசத்தில் தம் கொள்கைக்கு இத்தகைய அறிஞர் ஒருவர் தோன்றியிருப்பது கண்டு அவர் வியந்தார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு பல ஆண்டுகள் நீடித்தது. இருவரும் ஒருமுறையேனும் நேரிற் சந்தித்ததில்லை. 1922இல் போஸ் தலைமையில் இந்திய உளப்பகுப்புச் சங்கம் கல்கத்தாவில் நிறுவப்பட்டது.

புரொய்ட்டைப் பெரிதும் மதித்தபோதிலும், அவர் சொன்ன அனைத்தையும் போஸ் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. நம் மனத்தில் எழும் ஒவ்வோர் ஆசைக்கும் நேர்மாறான ஆசையொன்று உடன்பிறக்கிறது. ஒன்று வெளிப்பட்டு நிற்க, மற்றது மறைந்து கிடக்கிறது என்று அவர் கருதினார். அடிக்க வேண்டும் என்ற ஆசைக்குப் பின்னால் அடிபடவேண்டும் என்ற ஆசை இருக்கும். ஆகவே, தமையன்மேல் தீராக் கோபம் கொண்ட ஒருவன் நோயுற்று வந்தால், அவன் தன்னைத் தமையனின் இடத்தில் வைத்துக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். பிறகு தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். இவ்வாறு மாறிமாறிப் பார்க்கும்போது மறைந்திருந்த ஆசை வெளிப்படும், மனத்தின் இறுக்கமும் தளரும் என்பது போஸின் முறை. புரொய்ட்டின் முறையில் வைத்தியர் பெரும்பாலும் கேட்டிருப்பார். போஸின் முறையிலோ, மாணவனை வழிநடத்தும் குருவைப்போல நோயாளிக்கு வழிகாட்டுவார்.

தந்தையின் தண்டனைக்கு அஞ்சும் உள்ளச்சம் ஐரோப்பிய நோயாளரிடம் காணப்பட்ட அளவுக்குத் தம் இந்திய நோயாளரிடம் முனைப்பாக இல்லை என்பதையும் அவர் புரொய்ட்டுக்குத் தயங்காது எழுதினார். புரொய்ட் அதனால் மனமாறவுமில்லை. போஸை அலட்சியம் செய்யவுமில்லை. 1931இல் புரொய்ட்டின் 75ஆம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாச் சங்கத்தார் தந்தத்தாற் செய்த விஷ்ணு சிலை ஒன்றை அனுப்பினர். அதை அவர் தம் மேசைமேல் வைத்துக்கொண்டார். இலண்டனில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று அரும்பொருட்சாலையாகியிருக்கிறது. அச்சிலையும் அங்கே இருக்கிறது.

போஸ் ஏட்டறிவோடு நின்றவரல்லர். 1933இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரி வைத்தியசாலையில் மனநோயாளருக்கென வெளிநோயாளர் பகுதி ஒன்றை ஆரம்பித்தார். பொது வைத்தியசாலை ஒன்றில் இத்தகைய பகுதி இந்தியாவில் ஏற்பட்டது அதுவே முதன்முறை. காய்ச்சற்காரர் நுழையும் அதே வாயிலால் மனநோயாளரும் நுழைந்து மருந்து பெறலாம் என்ற நிலை அதனால் உண்டாயிற்று. 1940இல், தமையனார் அளித்த இடத்தில், மூன்று படுக்கைகளோடு லும்பினி பார்க் மனநோய் வைத்தியசாலையும் தொடங்கிற்று.

கீதை, புராணங்கள், யோகசூத்திரம் ஆகியவற்றையும் அவர் ஆழ்ந்து கற்று எழுதினார். மேல்நாட்டில் இருந்து வந்தது என்பதற்காக ஒன்றைத் தலைமேற் கொள்ளவுமில்லை, தள்ளவுமில்லை. நோயாளிக்கு நலந்தருகிறதா என்று பார்ப்பதே அவர் கைக்கொண்ட நெறி. 1953ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

அவர் முறையிலும் குறை உண்டு. உளப்பகுப்புக்கு நெடுநாள் வேண்டும். அவரிடம் வந்தோரிற் பெரும்பாலோர் கல்கத்தாவின் கற்ற வகுப்பினரே. ஒருநாள் பேர் விழாவிட்டால் அடுப்பெரியாத குடும்பத்துக்கு அவ்வழி எட்டாதது. 1950களிலும் 1960களிலும் வேறு வழிகள் தோன்றின. அச்சந்தரும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்குவது ஒன்று. தன்னைப்பற்றித் தானே கொள்ளும் பிழையான எண்ணங்களைச் சோதித்துத் திருத்துவது மற்றொன்று. இவை சில வாரங்களில் அல்லது மாதங்களில் முடியக்கூடியவை. கடுமையான நோய்களுக்கு நல்ல மருந்துகளும் வந்துள்ளன. எவ்வழியாயினும், நோயாளி நம்பிப் பேசத்தக்க ஒருவர் முன்னே அமர்ந்து கேட்பது இன்றியமையாதது என்பதை ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன.

வாலிப அன்பர்களே! நம்மிடையே அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக வழங்குவோர் உண்டு. அந்த வசைக்கு அஞ்சியே எத்தனையோ குடும்பங்கள் நோயை ஒளிக்கின்றன. ஒளித்த நோய் முற்றி, சில வேளை உயிரையும் கொண்டுபோகிறது. அம்மனுக்கு நேர்த்தி வைக்கும் தாயைத் தடுக்கவேண்டாம். அவளோடு சேர்ந்து கும்பிடுங்கள். கும்பிட்ட கையோடு பிள்ளையை அரசாங்க வைத்தியசாலை மனநலப் பகுதிக்கும் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன், அடுத்த காம்பராவில் பேசாது முடங்கிக் கிடப்பவரின் அருகே ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அவர் சொல்வதைக் குறுக்கிடாமற் கேளுங்கள். டொக்டர் போஸின் நினைவுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.