கையும் காதும் கடிகாரமும்: டாக்டர் ஏ.எல்.முதலியார்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குப் பயோமெடிக்கல் பக்கம் ஏதாவது செய்யலாம்னு யோசிக்கிறீங்களா? அப்போ ஒரு பிரசவ டாக்டரோட வாழ்க்கையை முதல்ல தெரிஞ்சுக்கோங்க. பேரு ஆற்காடு லட்சுமணசாமி முதலியார்.

1887 அக்டோபர் 14-ல் கர்நூலில் இரட்டைக் குழந்தைகள்ல ஒருத்தராப் பிறந்தார். அண்ணன் ராமசாமி சட்டம், அரசியல்னு போனார். தம்பி சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சு, எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில பேர் வாங்கினார்.

அந்தக் காலத்துல ஸ்கேன் கிடையாது, மானிட்டரும் கிடையாது. டாக்டருக்கு இருந்தது கை, காது, கடிகாரம். வயித்துமேல கை வெச்சு, 10 நிமிஷத்துல கர்ப்பப்பை எத்தனை தடவை இறுகுது, ஒவ்வொண்ணும் எத்தனை விநாடி நீடிக்குதுன்னு எண்ணணும். வலி நெருங்கி நெருங்கி, பலமா வந்தா அது நிஜ வலி. விட்டுவிட்டு வந்து அடங்கிட்டா பொய் வலி. ஊதுகுழல் மாதிரி இருக்கிற பினார்ட் குழாயை வயித்துல வெச்சுக் குழந்தையோட இதயத்துடிப்பைக் கேட்கணும். நிமிஷத்துக்கு 110-லிருந்து 160 வரை இருந்தா சரி. வலி விட்ட பிறகும் துடிப்பு குறைஞ்சே இருந்தா ஆபத்து.

1938-ல் முதலியார் எழுதின மகப்பேறு மருத்துவப் பாடப்புத்தகம் வெளியாச்சு. பின்னாடி கிருஷ்ண மேனனும் சேர்ந்தார். திருத்தப்பட்ட பதிப்புகளா மருத்துவ மாணவர்கள் இன்னும் அதைப் படிக்கிறாங்க.

1942 முதல் 1969 வரை, 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். இன்னைக்கு அண்ணா பல்கலைக்கழகத்துல இருக்கிற ஏ.சி. டெக் 1944-ல் தொடங்கினதும் அவர் காலத்துலதான். 1959-ல் மத்திய அரசு அமைச்ச சுகாதாரக் குழுவுக்கும் அவரே தலைவர். புதுசா ஆரம்ப சுகாதார நிலையங்களைத் திறந்துகிட்டே போறதை விட, இருக்கிறதை முதல்ல பலப்படுத்துங்க, ஒரு நிலையத்துக்கு 40,000 பேருக்கு மேல வேண்டாம்னு அந்தக் குழு சொல்லுச்சு. 1974-ல் காலமானார்.

இப்போ வயித்தைச் சுத்திக் கட்டுற பெல்ட் இருக்கு. ஆனா அந்த பெல்ட்டுல உள்ள சென்சாருக்கு வலி எப்போ வருது, எவ்வளவு நேரம் இருக்குன்னுதான் தெரியும். எவ்வளவு பலமான வலின்னு நம்பிச் சொல்ல முடியாது. பெல்ட் கொஞ்சம் தளர்ந்தாலோ, அம்மா திரும்பிப் படுத்தாலோ கிராஃப் மாறிடும். அதனால பலத்தைப் பார்க்க இன்னும் கைதான். கர்ப்பப்பைத் தசையோட மின் சிக்னலைத் தோல்மேல எலக்ட்ரோடு ஒட்டி எடுக்கிற முறையில ஆராய்ச்சி நடந்துகிட்டிருக்கு. சத்தத்துலருந்து சிக்னலைப் பிரிக்கிற நம்ம டிஎஸ்பி பாடம் அங்கதான் வேலைக்கு வரும்.

விருதுநகர்ல 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. ஆனா வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலைக்குப் போற ஒரு அக்காவுக்கு ராத்திரி வலி எடுத்தா, பெரும்பாலும் முதல்ல பார்க்கப் போறது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். பொய் வலின்னு வீட்டுக்கு அனுப்புறதா, 108-ஐக் கூப்பிடுறதான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். நீங்க சென்சார் செஞ்சா, உங்க கிராஃபும் அந்த நர்ஸ் கை வெச்சு எண்ணின கணக்கும் ஒத்துப் போகுதான்னு முதல்ல பாருங்க. ஆப், டாஷ்போர்டு எல்லாம் அதுக்கப்புறம்.